கண்டற்குடா சொன்ன ‘ஓம்’

வாவி சூழ் மட்டுமாநகரின் வழுவா மொழிவல்லாரே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்மொழியும் முட்டி மோதாமல் முறையாய்க் காத்த மூதறிவாளரே! ஐயந்திரிபறக் கற்றும் ஐயத்தை மட்டும் கைவிடாத அம்மையாரே! கல்லடியூர் தந்த கண்டிப்பே! கையூட்டும் கைதட்டலும் ஒன்றெனக் கண்டு இரண்டுக்கும் கைநீட்டாது நின்ற கண்ணியமே! அரச கரும மொழிபெயர்ப்பாளர் திருமதி எமிலி ஜெயராஜா அவர்களே!

வழமைப்படி இப்பிரியாவிடை மடலைத் தங்களை நேரே விளித்து, “தாங்கள், தாங்கள்” என்று கடைசி வரை பாடிக்கொண்டு போகவே நினைத்தோம். முடியவில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, “இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்பீர்கள். ஆகையால் சபையைப் பார்த்து, ‘அவர்’ என்றே உங்கள் கதையைச் சொல்லப் போகிறோம். மிஸ், வேறு யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். எங்களுக்கும் அதுதான் பயமில்லாமல் இருக்கும்.

சபையோரே! எமிலி மிஸ் இந்தப் பிரதேச செயலகத்துக்கு வந்து சேர்ந்தது சண்டை நடந்த காலத்தில். அப்போது இந்தப் பக்கம் வந்தவர்கள் தோளில் துவக்கோடு வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்க எவருக்கும் துணிவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு வந்தவர்கள் பரிசோடு வந்தார்கள். புத்தகப் பை வந்தது, தையல் இயந்திரம் வந்தது, அரிசி மூட்டை வந்தது, மேடையும் பந்தலும் பதாகையும் அவற்றுக்கு முன்னமே வந்து நின்றன. நாங்களெல்லாம் பரிசைப் பார்த்தோம். எமிலி மிஸ் கொண்டு வந்தவரின் கண்ணைப் பார்த்தார். “ஏன் இப்ப? ஏன் இஞ்ச?” என்ற இரண்டு கேள்விகளை அவர் மூன்று மொழியிலும் கேட்பார். ஆங்கிலத்தில் கேட்கும்போது அவை மிகவும் பணிவாக ஒலிக்கும்.

வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டதற்கு அவர் கணவர் தலையை ஆட்டியிருக்கிறார். அலுவலகத்தில் ஒருமுறை மிஸ்ஸின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். “ஆருக்கு இடமாற்றம்? எனக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுத்தார். பொன்னாடை போர்த்தினால் அதன் ஓரத்தில் எந்த நாட்டின் கொடி தைத்திருக்கிறது என்று விரித்துப் பார்ப்பார். தூதரகத்தார் கைகுலுக்கினால், படம் பிடிப்பவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் தேடுவார். இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே அறையில் வேலை செய்வது சுகமான காரியம் அல்ல. ஆனாலும் அவர் இல்லாத நாளில் எங்களுக்குக் கையெழுத்து வைக்கப் பயமாக இருந்தது.

இனி, எங்கள் அலுவலகத்து இரகசியம் ஒன்றைச் சபையில் போட்டு உடைக்கிறோம். இந்தத் தீவின் மேல் கண் வைத்த பெரிய நாடுகள் இரண்டு. ஒன்று கூப்பிடு தூரத்தில் இருப்பது; நமது மொழியும் கோயிலும் சினிமாவும் அங்கேயும் உண்டு. மற்றது எட்டத்தில் இருப்பது. ஆனால் தெற்குக் கரையில் ஏற்கனவே வலுவாகக் கால் ஊன்றிவிட்டது. அரச உத்தியோகத்தர் அவற்றைப் பேர் சொல்லிப் பேசுவது நல்லதல்ல என்று, நாங்கள் முதலாவதுக்கு வடசேரி என்றும் இரண்டாவதுக்குத் தென்சேரி என்றும் பேர் வைத்தோம். கண்ணகி அம்மன் சடங்கை ஒட்டி எங்கள் ஊர்களில் நடக்கும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் அப்படித்தான் இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு சேரியும் இழுக்கும். மெதடிஸ்த வீட்டில் பிறந்த எமிலி மிஸ் அந்தப் பேர்களைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு, “இழுக்கிற ரெண்டு பேரையும் தெரியுது. முறியப் போற கொம்பு ஆரு?” என்று கேட்டார். அன்றோடு எங்கள் சிரிப்பு நின்றது.

அந்தக் கொம்பு கண்டற்குடாதான். வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் வெளியாகக் கிடக்கும் ஒரு மணல் துண்டு. அங்குள்ளவர்கள் தோணி இழுத்து வைப்பதும், வலை காய விடுவதும், இறாலும் நண்டும் தரம் பிரிப்பதும் அந்தத் துண்டில்தான். அதைவிட்டால் இரு பக்கமும் சேறும் வேரும். அரச காணி என்பதால் எவரிடமும் உறுதிப்பத்திரம் கிடையாது. ஊரார் ‘எங்கட கரை’ என்பார்கள், அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த உரிமை.

தென்சேரி முதலில் வந்தது. மீன்வள நிலையம் ஒன்றும் ஐஸ் ஆலை ஒன்றும் கட்டித் தருவோம், கரையை மட்டும் நெடுங்காலத்துக்குத் தாருங்கள் என்று கேட்டது. அடுத்த கிழமையே வடசேரிக்கு மூக்கு வேர்த்தது. பண்பாட்டு மண்டபம் கட்டித் தருவோம், எங்களுக்கும் அதே கரைதான் வேண்டும் என்றது. மாவட்டம் முழுவதும் வாவிக்கரை நீண்டு கிடக்க, இரண்டு பேருக்கும் ஒரே மணல் மேல் ஏன் ஆசை வந்தது என்று எமிலி மிஸ் கேட்டார். அந்தத் துண்டிலிருந்து பார்த்தால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வரை தடையில்லாமல் தெரியும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தென்சேரியின் மொழிபெயர்ப்பாளர் ஓர் இளைஞர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, கலையமுதன் என்று தனக்கொரு தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டவர். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எமிலி மிஸ் ஒருவர்தான் கேட்டார். கேட்டதில் அந்த இளைஞருக்கு உண்மையான சந்தோசம். அவர் பேசிய தமிழைக் கேட்டு எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மீனவர் சங்கக் கட்டடத்தில் ஊராரைக் கூட்டி அவர் பேசினார்.

“அன்பிற்கினிய நெய்தல் நில மக்களே!” என்றார்.

“ஓம்,” என்றார்கள் மக்கள்.

“உங்கள் வாழ்வு வளம்பெற வழிவகை காணவே வந்துள்ளோம்!”

“ஓம்.”

“அதன்பொருட்டு இக்கரையை எம்மிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம்!”

“ஓம், ஓம்.”

கலையமுதனின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் படித்த அகராதியில் ஓம் என்றால் ஆம். ஊர் ஒருமனதாகச் சம்மதித்தது என்று அன்றே தம் மேலிடத்துக்கு அறிவித்தார்.

வடசேரியின் அதிகாரி கூட்டம் வைத்தபோதும் இதே கதைதான். அவர் தமிழர், ஆனால் அக்கரைத் தமிழர். அங்கே ஆமோதிப்பதற்கு ‘ஆமா’ என்பார்கள். ‘ஓம்’ கோயிலில் மட்டும் கேட்கும். அவர் ஒரு வசனம் பேசி நிறுத்த, ஊர் முழுக்க “ஓம்” என்றது. மறு வசனம், மறு ஓம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பிக்கொண்டே எங்கள் செயலாளரிடம், “எவ்வளவு பக்தி சார் இந்த ஜனங்களுக்கு! நான் சொல்ற ஒவ்வொரு வரிக்கும் பிரணவம் சொல்றாங்களே!” என்றார். பண்பாட்டு மண்டபத் திட்டத்தில் அன்று பின்னேரமே தியான மண்டபம் ஒன்றும் சேர்ந்தது. முன்வரிசையில் இருந்து ஓம் சொன்னவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதை அவருக்கு யார் சொல்வது?

நாம் ஏன் ஓம் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஒருவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஓர் ஓம் வைப்போம். தொலைபேசியில் மாமியார் ஏசினாலும் ஓம், சங்கத்தில் தலைவர் அறுத்தாலும் ஓம். நீ சொல்வது என் காதில் விழுகிறது, மேலே சொல் என்பதுதான் அதற்குப் பொருள். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியதால் அது வெளியாருக்கு எப்படிக் கேட்கும் என்று கண்டற்குடாவில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. மக்கள் சம்மதித்தார்களா என்பதை ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பாளரின் உறுதிப்படுத்தலோடு அனுப்ப வேண்டும். சம்மதம் என்று ஒரு வரி போனால் கரை போய்விடும். எந்தச் சேரிக்குப் போவது என்பதை மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு வரி எமிலி மிஸ்ஸின் பேனாவில் இருந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது, எமது பிரதேச செயலாளர் திவாகரன் சேர் மேடையிலேயே இருப்பதால், கொஞ்சம் மரியாதையோடு சொல்கிறோம். சேர் அன்று காலையில் மிஸ்ஸை அழைத்தார்.

“மிஸ், ரெண்டு பேரும் வந்து கேட்டுட்டாங்க. சனமும் ஓம் எண்டு சொல்லியிரிக்கி. ஓம் எண்டா ஓம்தானே? எழுதித் தாங்க.”

“ஓம் சேர்,” என்றார் எமிலி மிஸ்.

சேர் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். பகல் போனது, பின்னேரமும் போனது, ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவரே எழுந்து மிஸ்ஸின் மேசைக்கு வந்தார்.

“காலைல ஓம் எண்டீங்களே மிஸ்?”

“நீங்க சொன்னதக் கேட்டன் எண்டதுக்குச் சொன்ன ஓம் சேர் அது. எழுதித் தாறன் எண்டு நான் சொல்லல்ல.”

சேருக்குக் கோபம் வந்தது. அதை அவரே எங்களிடம் பிற்பாடு ஒத்துக்கொண்டார். அப்போதுதான் எமிலி மிஸ், அதுவரை இந்த அலுவலகத்தில் எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சண்டைக் காலத்தில் அவர் கணவர் ஜெயராஜாவை ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அரைகுறைத் தமிழில் நீளமாக ஏதோ கேட்டார்கள். பெரியவர்கள் பேசும்போது சும்மா நிற்கக் கூடாது என்று பழகிய மனிதர், ஒவ்வொரு கேள்விக்கும் “ஓம், ஓம்” என்று நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான் என்று ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆள் திரும்பி வந்தது மிஸ் செய்த புண்ணியம். ஆனால் வந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. எவர் பேசினாலும் தலையைத்தான் ஆட்டுவார். இங்கே முன்வரிசையில் இருக்கிறார், பாருங்கள், இப்போதும் ஆட்டுகிறார்.

“ஓம் எங்கட வாயில இருந்து வந்தாலும் அது காதுட சொல்லு சேர்,” என்றார் மிஸ். “அதச் சம்மதம் எண்டு எழுத என்னால ஒண்ணா. சம்மதமில்ல எண்டும் நான் எழுதமாட்டன். எனக்குத் தெரியா. அவங்களிட்டக் கேக்கணும்.”

திவாகரன் சேர் தம் அறைக்குப் போனார். பிறகு வாகனச் சாவியை எடுத்துச் சாரதியிடம் கொடுத்தார்.

கண்டற்குடாவில் எமிலி மிஸ் முதலில் கண்டது ஆச்சிப்பிள்ளையை. அத்தாங்கு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறால் வடிக்கிறவர். பேசினால் அடுத்த கரைக்கும் கேட்கும்.

“அக்கா, அண்டைக்குக் கூட்டத்தில ஓம் எண்டீங்களே. கரையக் குடுக்கச் சம்மதமா?”

“என்ன மிஸ் பேசுறீங்க? அந்தத் தம்பி இவ்வளவு தூரம் வந்து தொண்டை காயப் பேசினாரு. பாவமெண்டு ஓம் சொன்னம். குடுக்கிறதெண்டா வட்டா வச்சுக் கேக்கணுமே. வெத்தில எடுத்தாத்தான் சம்மதம்.”

வட்டா என்றால் வெற்றிலைத் தட்டம். கண்டற்குடாவில் கலியாணம் பேசினாலும் கோயில் காரியம் பேசினாலும் கேட்கிறவர் வட்டா வைப்பார். ஊருக்குப் பெரியவர் வெற்றிலை எடுத்தால்தான் பேச்சு முடிந்தது. இரண்டு நாடுகளும் பதாகை கொண்டு வந்தன, ஒலிபெருக்கி கொண்டு வந்தன, ஒரு வெற்றிலை கொண்டு வரவில்லை.

ஆனால் சங்கத் தலைவர் நல்லரத்தினம் அதைக் கேட்டுச் சந்தோசப்படவில்லை. அவருக்கு ஐஸ் ஆலை வேண்டும். ஐஸ் லொறி செங்கலடியில் பிந்தினால் இங்கே மீன் நாறிப் போகும். அது அவருடைய பல வருடத்து வயிற்றெரிச்சல். வலையை உதறிவிட்டு, எல்லாரும் கேட்க நேரே கேட்டார்.

“ஐஸ் ஆலை வாற நேரத்தில நீங்க வந்து குறுக்க நிக்கிறீங்க. ஆரிட்ட என்னத்த வாங்கிப்போட்டு நிக்கிறீங்க மிஸ்?”

அந்த வாரம்தான் இரண்டு தூதரகமும் மிஸ்ஸைத் தங்கள் நாட்டுக்கு வந்து சுற்றிப் பார்க்கும்படி போட்டி போட்டு அழைத்திருந்தன. அவர் இரண்டுக்கும் போகவில்லை. ஆனால் அழைப்பு வந்த செய்தி ஊருக்கு வந்துவிட்டது, போகாத செய்தி வரவில்லை. எமிலி மிஸ் வாகனத்துக்கு நடந்தார். வாகனத்தில் ஏறிய பிறகு அவர் அழுதார் என்று சாரதி எங்களிடம் சொன்னார். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, “அவர் கேட்டது சரி. நானெண்டாலும் அதத்தான் கேட்டிருப்பன்,” என்றாராம்.

சபையோரே, எமிலி மிஸ்ஸின் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவோம். உலகத்தைச் சந்தேகப்பட்டவர் அன்று தம்மையும் சந்தேகப்பட்டார். கரை போகக் கூடாது என்று தமக்கு ஓர் ஆசை இருக்கிறது, அந்த ஆசை தம் மொழிபெயர்ப்பில் கலந்துவிடலாம் என்று பயந்தார். ஆகவே இரண்டு நாட்டாரும் ஒரே நாளில் வர வேண்டும், வட்டா வைக்க வேண்டும், ஊர் முன்னால் கேட்க வேண்டும் என்று சேரிடம் பிடிவாதமாக நின்றார். மற்றவர் வருகிறாரென்றால் நாங்களும் வருவோம் என்று இரண்டு சேரியும் உடனே ஒத்துக்கொண்டன. அந்த விசயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

அன்று சங்கக் கட்டடத்தில் இரண்டு வட்டாக்கள் பளபளவென்று இருந்தன. எமிலி மிஸ் எழுந்து, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். கொடுத்தால் ஐஸ் ஆலையோ மண்டபமோ வரும். கொடுத்தால் தோணி இழுக்க இந்த மணல் இருக்காது. கொடுக்காவிட்டால் ஒன்றும் வராது, பிறகும் வரும் என்று நம்ப வேண்டாம். இவ்வளவுதான். தன் சந்தேகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை கூட்டத்தில் ஓர் ஓம் கூட எழவில்லை. அப்படி ஓர் அமைதியை நாங்கள் அந்த ஊரில் அதற்கு முன் கேட்டதில்லை.

நல்லரத்தினம் எழுந்து நேரே தென்சேரியின் வட்டாவுக்குப் போனார். கை நீட்டினார். எமிலி மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். நீட்டிய கை வெற்றிலைக்கு மேலே நின்றது.

“தம்பி, ஐஸ் ஆலைக்குக் கரைதான் வேணுமா?” என்று கலையமுதனைக் கேட்டார். “றோட்டுக்கு அங்கால என்ட வளவுக் காணி கிடக்கு. தண்ணி இரிக்கி, கறண்ட் இரிக்கி. அதச் சும்மா தாறன். அதில கட்டுங்களன்.”

கலையமுதன் தம் தலைவரிடம் குனிந்து கேட்டார். அவர்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள். நிமிர்ந்தபோது அந்த இளைஞரின் முகத்தில் சிரிப்பில்லை.

“பொறுத்தருள்க, ஐயா. கரை இன்றியமையாதது என்கிறார்கள்.”

நல்லரத்தினம் மற்ற வட்டாவுக்கு நடந்தார். “நீங்க மண்டபத்தக் கோயிலுக்குப் பின்னால கட்டுங்க ஐயா. அங்க நல்ல நிழல்.”

“அது வந்து, வாவியப் பார்த்த மாதிரி இருக்கணும்னு மேலிடத்துல...” என்று வடசேரி அதிகாரி இழுத்தார்.

நல்லரத்தினம் கையை மடக்கிக்கொண்டார். அவருக்கு ஐஸ் ஆலை எவ்வளவு வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதர் மெல்லத் திரும்பி நடந்துபோய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, “பாப்பம்,” என்றார்.

“ஓமோம், பாப்பம்,” என்றார் ஆச்சிப்பிள்ளை. கூட்டம் முழுக்கப் பாப்பம், பாப்பம் என்றது.

விருந்தினர் இரு தரப்பும் எழுந்து கைகுலுக்கின. அவர்களுக்கு நல்ல திருப்தி. பரிசீலிக்கிறார்கள், காலம் கனியும் என்று குறித்துக்கொண்டார்கள். எமிலி மிஸ் அங்கேயே, சங்கத்து மேசையில் வைத்தே, கொழும்புக்குப் போகும் ஆங்கில வரியை எழுதினார். அதில் ஒரே ஒரு சொல் இருந்தது. இல்லை என்பது அதன் பொருள். கலையமுதன் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“அம்மையாரே, பார்ப்போம் என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று அன்றோ? அதில் மறுப்பு எங்கே உள்ளது?”

“ஓம் தம்பி,” என்றார் எமிலி மிஸ் மிகவும் அன்பாக, பேனாவை மூடிக்கொண்டே.

எங்கள் ஊரில் ஒருவரின் முகம் கோணாமல், ‘முடியாது’ என்று சொல்வதற்குப் பாப்பம் என்போம். பெண் கேட்டு வந்தவருக்குப் பாப்பம் என்றால் அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். ஒருவரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். திவாகரன் சேர் இதே மாவட்டத்து உன்னிச்சைக்காரர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாங்கிக் கையெழுத்து வைத்தார். அதனால் அவருக்கு மேலிடத்திலிருந்து வந்த ஏச்சுகளை இந்த மங்கள வேளையில் விவரிக்க வேண்டாம்.

வெற்றி என்று இதை நாங்கள் கொட்டி முழக்க வரவில்லை. கரை கரையாகவே கிடக்கிறது. ஐஸ் ஆலை வரவில்லை. லொறி இன்றும் பிந்துகிறது, பிந்துகிற நாளில் இன்றும் மீன் பழுதாகிறது. இரண்டு சேரியும் இழுப்பை விடவில்லை. வேறு கரைகளில் இழுக்கின்றன. தான் எழுதிய அந்தச் சொல் சரிதானா என்று எமிலி மிஸ் எங்களிடம் பலமுறை கேட்டிருக்கிறார். நல்லரத்தினத்திடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அந்த மனிதரும் அலுவலகப் பக்கம் வரவில்லை, வழியில் கண்டால் மிஸ்ஸோடு பேசவும் இல்லை. அந்த மௌனம் மிஸ்ஸை அரித்தது. பெரிய நாடுகளுக்கு அஞ்சாதவர் ஒரு மீனவரின் முகம் பார்க்க அஞ்சினார் என்பதை, அவர் கோபித்தாலும், இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மிஸ்! இனி உங்களை நேரே விளிக்கிறோம்.

மாசற்ற மொழியே, மனம் தளரா மாண்பே! இன்று உங்கள் மேடையின் ஒரு மூலையில் வடசேரி அனுப்பிய பூச்செண்டு நிற்கிறது. மறுமூலையில் தென்சேரி அனுப்பியது. எது பெரிது என்று அளந்து பார்த்தவர்கள் எங்களுக்குள் உண்டு. ஓய்வுக்குப் பின் ஆலோசகராக வாருங்கள் என்று இருவரும் அழைத்திருப்பதாகவும் அறிகிறோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டோம். எங்கிருந்தாலும் உடல் நோவறியாமல், உறக்கம் கெடாமல், ஜெயராஜா ஐயாவோடு கல்லடிக் கடற்காற்று வாங்கி, பேரன்பும் பெருவாழ்வும் பெற்று, நூறாண்டும் அதற்கு மேலும் ஐயம் குறையாமல் இருக்க வேண்டும் என்று, கோயில் உள்ளவர்கள் கோயிலிலும் தேவாலயம் உள்ளவர்கள் தேவாலயத்திலும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. முந்தாநாள் நல்லரத்தினம் அலுவலகத்துக்கு வந்தார். உங்களுக்குப் பிரியாவிடை எப்போது, ஊரார் வந்தால் உள்ளே விடுவோமா என்று கேட்டார். கூட வந்த ஆச்சிப்பிள்ளை, நல்ல நண்டாகப் பார்த்து ஒரு கூடை கொண்டு வரவா என்றார். நல்லரத்தினம் அவரைத் தடுத்துவிட்டார்.

“ஒண்டும் கொண்டுபோகப்படாது புள்ள. கையில ஒண்டு இருந்தா மிஸ், என்னத்துக்கு வந்திரிக்காங்க எண்டு யோசிப்பா. நமக்கு அவவிட்ட ஒரு அலுவலும் இல்ல. வெறுங்கையோட போவம்.”

திரும்பிப் பாருங்கள் மிஸ். கடைசி வரிசைகளில் இருப்பது கண்டற்குடா. இன்று ஒரு தோணியும் தொழிலுக்குப் போகவில்லை. அவர்கள் கைகளைப் பாருங்கள்.

என்றும் தங்கள் கேள்விக்குப் பயந்தவர்களும் அதற்காகவே தங்களை நேசிப்பவர்களுமான,
பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் ஊழியர்களும்
மட்டக்களப்பு